சுங்க ஆவணங்களை இயந்திரம் வாசிக்கும்போது: எழுத்துணரி எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் வந்து சேருமுன் அதற்கான பிடிஎஃப் கோப்பு வந்துவிடும். முப்பது, நாற்பது பக்கம் இருக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது), பிறப்பிடச் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே கோப்பில் வரிசை தவறிக் கிடக்கும். ஒன்றிரண்டு பக்கம் தலைகீழாகவும் இருக்கும். சுங்க முகவர் அலுவலகத்தில் (துறைக்குள் இன்னும் சிஎச்ஏ ஆபீஸ் என்றுதான் பேச்சு) ஒருவர் அதைத் திரையின் ஒரு பாதியில் திறந்துவைத்து, மறுபாதியில் பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி அறிவிப்புக்கான விவரங்களைத் தட்டிக்கொண்டிருப்பார். முடித்ததும் செக்லிஸ்ட் எடுத்து இறக்குமதியாளருக்கு அனுப்புவார். அவர் சரி என்ற பிறகு ஐஸ்கேட் என்னும் சுங்கத்துறை இணையதளத்தில் தாக்கல்.

இந்தத் தட்டச்சு வேலைக்குக் கெடு மிகக் குறைவு. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு 2021இல் திருத்தப்பட்டதிலிருந்து, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகிவிட வேண்டும். அந்த முந்தைய நாள் விடுமுறையாக இருந்தாலும் விலக்கு இல்லை. இலங்கை, மாலத்தீவு, மியான்மர் போன்ற பக்கத்து நாடுகளிலிருந்து கடல்வழி வரும் சரக்குக்கு மட்டும், பயணம் குறுகியது என்பதால், வரும் நாள் முடியும்வரை அவகாசம். தவறினால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். ஆவணம் வந்து சேர்வதே கடைசி நேரத்தில் என்னும்போது, இயந்திரமே வாசித்துக்கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. சுங்க முகவர்கள், சரக்கு அனுப்புநர்கள், பெரிய இறக்குமதி நிறுவனங்கள் ஆகியோரை எழுத்துணரி மென்பொருள் பக்கம் திருப்பியது இந்த நெருக்கடிதான்.

எழுத்துணரி, அதாவது ஓசிஆர், படத்திலுள்ள எழுத்தை எழுத்தாக்கித் தரும்; அதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குமேல் கட்டப்படுவது ஆவணச் செயலாக்கம்: நாற்பது பக்கத்தில் எது இன்வாய்ஸ், எது பேக்கிங் லிஸ்ட் என்று பிரிப்பது, இந்த எண் விலையா எடையா என்று அடையாளம் காண்பது, அட்டவணையை வரிசை வரிசையாக எடுப்பது, ஓர் ஆவணத்தில் உள்ளதை இன்னொன்றோடு ஒத்துப்பார்ப்பது. விற்க வருபவர்கள் முதல் மூன்றையும் ஆர்வமாகக் காட்டுவார்கள். சுங்க வேலையில் பலன் பெரும்பாலும் நான்காவதில்தான் இருக்கிறது என்பது இதை எழுதுவோரின் உறுதியான கருத்து. காரணம் எளிய கணக்கு.

99 விழுக்காடு துல்லியம் என்றால் என்ன?

ஒரு எழுத்துக்கு 99 விழுக்காடு துல்லியம் என்பது காதுக்கு நன்றாக இருக்கிறது. கன்டெய்னர் எண்ணில் 11 எழுத்துகள். பதினொன்றும் சரியாக வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு. பத்துக்கு ஒரு எண் தவறு. ஜிஎஸ்டி பதிவு எண்ணில் 15 எழுத்துகள். அங்கே 86 விழுக்காடாக இறங்கிவிடும். எழுத்துக்கு வேண்டாம், புலத்துக்கே (நிரப்ப வேண்டிய ஒரு விவரக் கட்டத்துக்கே) 99 என்று வைத்துக்கொள்வோம். 60 வரிகள் உள்ள வாகன உதிரிபாக இன்வாய்ஸில் வரிக்கு 5 புலம் என்றால் மொத்தம் 300 புலங்கள். சராசரியாக மூன்று தவறாக இருக்கும். ஒரு தவறும் இல்லாமல் முழு இன்வாய்ஸும் வருவதற்கான வாய்ப்பு 5 விழுக்காடுதான்.

அந்த மூன்று தவறுகள் எங்கே என்று தெரியாதவரை, முந்நூறையும் ஒருவர் மறுபடி பார்த்தாக வேண்டும். அப்போது மிச்சமாகும் நேரம் சொற்பம். ஆகவே மென்பொருள் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கை படாமல் முழுதாகச் சரியாக வந்த ஆவணங்கள் நூற்றுக்கு எத்தனை? தவறாக வந்த புலங்களில் எத்தனையை மென்பொருளே 'சந்தேகம்' என்று காட்டிக்கொடுத்தது? இரண்டாவதற்குப் பதில் இல்லாவிட்டால் முதலாவதின் எண்ணுக்கு மதிப்பில்லை.

வாசிப்பதற்கு முன்

முதல் வேலை, எழுத்துணரியே தேவையா என்று பார்ப்பது. கணினியிலிருந்து நேரடியாக உருவான பிடிஎஃப்பில் எழுத்து ஏற்கெனவே எழுத்தாகவே இருக்கும். அதை உருவி எடுத்தால் பிழைக்கு இடமில்லை. அதையும் படமாக்கி வாசிப்பது வீண் வேலை. ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. சிலர் ஸ்கேன் செய்த கோப்பில், ஸ்கேனர் தன் போக்கில் சேர்த்த மட்டமான எழுத்தடுக்கு பின்னால் ஒளிந்திருக்கும். எழுத்தடுக்கு இருக்கிறதே என்று அதை நம்பினால் கெட்டது. பக்கம் முழுவதும் ஒரே படமாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த அடுக்கைத் தூக்கிவிட்டுப் புதிதாக வாசிக்க வேண்டும்.

ஏற்றுமதியில் இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜிஎஸ்டி மின்விலைப்பட்டியல் கட்டாயம்; ஏற்றுமதி இன்வாய்ஸும் இதில் அடக்கம். அதிலுள்ள க்யூஆர் குறியீட்டுக்குள் விற்பவரின் ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் எண், தேதி, மொத்த மதிப்பு, வரிகளின் எண்ணிக்கை, முதன்மைப் பொருளின் எச்எஸ்என் குறியீடு (பொருளின் வகையைச் சொல்லும் எண்), 64 எழுத்து ஐஆர்என் ஆகியவை மின்கையொப்பத்துடன் இருக்கின்றன. அந்தக் கட்டத்தை வாசித்தாலே தலைப்பு விவரங்கள் பிழையின்றி வந்துவிடும். இந்த ஐஆர்என் வேறு, இ-சஞ்சித்தில் (சுங்கத்துக்கு ஆவணங்களை ஏற்றும் இணைய முறை) ஆவணம் ஏற்றும்போது கிடைக்கும் ஐஆர்என் வேறு. முன்னது இன்வாய்ஸின் அடையாளம், பின்னது ஏற்றிய படத்தின் அடையாளம். ஒரே பெயர் என்பதால் மென்பொருளில் புலங்களுக்குப் பெயர் வைக்கும்போதே பிரித்துவிடுவது நல்லது.

ஸ்கேன்தான் வழி என்றால் 300 டிபிஐ வையுங்கள். இங்கேதான் பல அலுவலகங்கள் சறுக்குகின்றன. 2018இல் நாடு முழுவதும் வந்த இ-சஞ்சித் முறையில் கோப்பின் அளவுக்கு வரம்பு வைத்தார்கள். அதற்குள் அடக்கக் கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கி, அந்தக் கோப்பையே வாசிப்புக்கும் கொடுப்பார்கள். சுருக்கும்போது 8க்கும் 3க்கும் உள்ள வேறுபாடு கரைந்துவிடும். எழுத்தின்மேல் விழுந்த முத்திரை எழுத்தோடு ஒட்டிக் கறுப்புக் கறையாகிவிடும். இரண்டு பிரதி வேண்டும்: வாசிப்புக்கு வண்ணத்தில் 300 டிபிஐ, இ-சஞ்சித்துக்குச் சுருக்கியது. வண்ணம் எதற்கென்றால், நீல முத்திரையையும் கறுப்பு எழுத்தையும் நிறத்தால் பிரித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது ஏற்கெனவே சுருங்கியதுதான். அதையே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

முகமற்ற மதிப்பீட்டு முறை வந்த பிறகு இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய அந்த முறை, அதே ஆண்டு அக்டோபர் 31 முதல் நாடு முழுவதும் வந்தது. சென்னையில் இறங்கிய சரக்கின் பில் ஆஃப் என்ட்ரியை எங்கோ இன்னொரு ஊரில் உள்ள அதிகாரி மதிப்பிடலாம். அவர் கையில் இருப்பது நீங்கள் ஏற்றிய படம் மட்டுமே. அது மங்கலாக இருந்தால் கேள்வி எழும். கேள்விக்குப் பதில் போய்த் திரும்புவதற்குள் துறைமுகத்தில் வாடகை ஏறும்.

எங்கே தவறுகிறது

எண்களிலிருந்து தொடங்கலாம். ஜெர்மன் இன்வாய்ஸில் 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது. குவைத் தினாருக்கு மூன்று தசம இடம் என்பதால் அங்கே 1.250 என்றால் ஒன்றேகால். எழுத்துணரி இரண்டிலும் சரியாகவே வாசித்திருக்கும். பொருள்தான் ஆயிரம் மடங்கு மாறும். டாலர் குறி அமெரிக்காவுடையதா, சிங்கப்பூருடையதா, ஹாங்காங்குடையதா என்பதை அந்தக் குறி சொல்லாது. 03/04 என்பது ஏப்ரல் 3ஆகவும் இருக்கலாம், மார்ச் 4ஆகவும் இருக்கலாம். இவற்றை நாட்டை வைத்து ஊகிப்பதைவிட சப்ளையரை வைத்து முடிவுசெய்வது பாதுகாப்பு. ஒரு சப்ளையருக்கு ஒருமுறை மனிதர் உறுதிசெய்து பதிந்துவைத்தால் அடுத்த நூறு இன்வாய்ஸுக்கும் போதும். எந்த அலுவலகத்திலும் மீண்டும் மீண்டும் வருவது அதே சில சப்ளையர்கள்தான்.

விற்பனை நிபந்தனையைத் தவறவிடுவது நேரடியாகப் பணம். இந்தியாவில் மதிப்பு சிஐஎஃப் (பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்தது) அடிப்படையில். 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகளின்படி, கப்பல் கட்டணம் தெரியாவிட்டால் எஃப்ஓபி மதிப்பில் (கப்பலில் ஏற்றும்வரையிலான விலை) 20 விழுக்காடு, காப்பீடு தெரியாவிட்டால் 1.125 விழுக்காடு சேர்க்கப்படும். எஃப்ஓபி 10 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு உண்மையான கப்பல் கட்டணம் 60,000 ரூபாய் என்று கொள்ளுங்கள். அந்தக் கட்டண ரசீது கோப்பின் 37ஆம் பக்கத்தில் இருந்து, மென்பொருள் அதை 'பிற ஆவணம்' என்று ஒதுக்கிவிட்டால், 60,000க்குப் பதில் 2 லட்சம் சேரும். 1.4 லட்சத்துக்குத் தேவையில்லாமல் வரி.

அட்டவணைகள் தனி உலகம். பொருள் விவரம் மூன்று வரிக்கு மடிந்து இறங்கினால் மூன்று பொருளாக எண்ணப்படும். பக்க முடிவில் உள்ள இடைக்கூட்டுத் தொகை ஒரு பொருளாக நுழையும். விலையில்லாமல் இலவசமாக அனுப்பிய மாதிரி, உதிரி வரிகளில் தொகை 0 என்றிருக்கும். வெற்று வரி என்று மென்பொருள் தூக்கி எறிந்துவிடும். இலவசமாக வந்தாலும் சுங்கத்துக்கு அது சரக்குதான். மதிப்புப் போட்டு அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பொருள் பெட்டிக்குள் கிடைத்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் இறக்குமதியாளர்.

பில் ஆஃப் லேடிங்கில் அடிக்கடி நிகழ்வது மாஸ்டர் எண்ணுக்கும் (கப்பல் நிறுவனம் தருவது) ஹவுஸ் எண்ணுக்கும் (சரக்கு அனுப்புநர் தருவது) இடையிலான மாறாட்டம். இரண்டும் ஒரே கோப்பில் இருக்கும். தவறானதை எடுத்தால் கப்பல் நிறுவனம் தந்த சரக்குப் பட்டியலோடு பொருந்தாது, வேலை அங்கேயே நிற்கும். எடையிலும் கவனம் வேண்டும். 2016 ஜூலை 1 முதல் கன்டெய்னருக்குச் சரிபார்த்த மொத்த எடை தருவது கட்டாயம். அதில் பெட்டியின் சொந்த எடையும் சேர்ந்திருக்கும். அதைச் சரக்கின் மொத்த எடை என்று எடுத்துக்கொண்டால் டன் கணக்கில் வேறுபாடு.

ஏற்றுமதியில் ஒரு பூஜ்யம்கூடப் பணத்தை முடக்கும். ஏற்றுமதிக்குக் கட்டிய ஐஜிஎஸ்டி வரியைத் திரும்பப்பெறுவதற்கு, ஏற்றுமதி அறிவிப்பான ஷிப்பிங் பில்லே விண்ணப்பம். அதில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 0012 என்பது 12 என்று போனாலோ, பூஜ்யம் ஓ எழுத்தாக மாறினாலோ எஸ்பி005 பிழை வந்து பணம் நிற்கும். ஏற்றுமதியாளர்கள் நன்கறிந்த பிழைக் குறியீடு அது. எக்செல் வழியாகத் தரவை நகர்த்தும்போது முன்பூஜ்யங்கள் காணாமல்போவதும் இதே விளைவைத் தரும். அந்தப் பழியை எழுத்துணரிமேல் போடுவது நியாயமில்லை.

ஒத்துப்பார்க்கும் வேலை

இனிதான் முக்கியமான பகுதி. சுங்க ஆவணங்கள் ஒரே செய்தியைப் பல இடங்களில், பல வடிவங்களில் சொல்பவை. அலுப்பூட்டும் இந்தத் திரும்பச்சொல்லல்தான் இயந்திரத்துக்குப் பெரிய துணை.

கன்டெய்னர் எண்ணை எடுங்கள். ஐஎஸ்ஓ 6346 தரத்தின்படி 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஏ (A) எழுத்துக்கு 10, பி (B) எழுத்துக்கு 12 என்று 11இன் மடங்குகளை விட்டு எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு. முதல் இடத்தின் மதிப்பை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8 என்று பத்தாம் இடத்தை 512ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 என்றால் 0. சி, எஸ், க்யூ, யூ, 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. கடைசி 8ஐ எழுத்துணரி 3 என்று வாசித்தால் கூட்டுத்தொகை 3625 ஆகி மீதி 6 வரும். தவறு அந்த நொடியே தெரிந்துவிடும். ஒற்றை இலக்கப் பிழை இதில் தப்புவது மிக அரிது. நான்கு வரி நிரல் போதும், செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்தாவது எழுத்தும் இப்படிப்பட்ட சரிபார்ப்பு எழுத்துதான். அதன் 3 முதல் 12 வரையிலான எழுத்துகள் பான் எண். தமிழ்நாட்டில் பதிந்ததென்றால் முதல் இரண்டு இலக்கம் 33.

இன்வாய்ஸில் அளவு × விலை = தொகை. தொகைகளின் கூட்டல் = மொத்தம். மொத்தம் எழுத்தாலும் எழுதப்பட்டிருக்கும். அதையும் எண்ணாக்கி ஒப்பிடலாம். பேக்கிங் லிஸ்டின் பொதி எண்ணிக்கையும் மொத்த எடையும் பில் ஆஃப் லேடிங்கோடு ஒத்துப்போக வேண்டும். நிகர எடை மொத்த எடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இப்படி 15, 20 விதிகள் எழுதி வைத்தால், முன்சொன்ன மூன்று தவறுகளில் பெரும்பாலானவை தாமாகவே வெளிவரும். வாசிப்பவர் முந்நூறு புலத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சிவப்பில் நிற்கும் சிலவற்றைப் பார்த்தால் போதும்.

தூத்துக்குடியில் மரத்தடி இறக்குமதி செய்வோருக்கு இதன் அருமை உடனே புரியும். தேக்குத் தடிப் பட்டியலில் நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தடி எண், நீளம், சுற்றளவு, கன அளவு. நெருக்கமான எண்கள், பெரும்பாலும் மங்கிய அச்சு. ஹாப்பஸ் முறையில் கன அளவு என்பது சுற்றளவில் கால் பங்கின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கியது. சுற்றளவு 80 செ.மீ., நீளம் 2.4 மீட்டர் என்றால் 0.20 × 0.20 × 2.4 = 0.096 கன மீட்டர். 80ஐ 30 என்று வாசித்திருந்தால் 0.0135 வரும், பட்டியலில் அச்சாகியிருப்பதோ 0.096. வரிக்கு வரி இந்தக் கணக்கை ஓட்டிவிடலாம். சில ஏற்றுமதியாளர்கள் சுற்றளவிலும் நீளத்திலும் கழிவு கொடுத்துவிட்டுக் கன அளவு போடுவார்கள். அந்தக் கழிவு எவ்வளவு என்பதை சப்ளையர்வாரியாகப் பதியாவிட்டால் எல்லா வரியும் சிவப்பாகி, ஒரே வாரத்தில் ஊழியர்கள் சிவப்பைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

வகைப்படுத்தலை ஊகத்துக்கு விடக்கூடாது

பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீட்டின் முதல் 6 இலக்கம் உலகெங்கும் ஒன்று. அதற்குமேல் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 8 இலக்கம். சீன இன்வாய்ஸில் அச்சாகியிருக்கும் 10 இலக்கக் குறியீட்டில் முதல் எட்டை வெட்டி எடுத்துப் போடுவது மென்பொருள்கள் செய்யும் வாடிக்கையான தவறு. ஆறு இலக்கத்தைக்கூட சப்ளையர் சரியாகப் போட்டிருப்பார் என்பதற்கு உறுதி கிடையாது.

பொருள் விவரத்தைப் படித்து மென்பொருளே குறியீடு சொல்வதும் இப்போது கிடைக்கிறது. 'கார் எஞ்சின் போல்ட்' என்ற விவரத்தைக் கொடுத்தால், வாகனப் பாகம்தானே என்று 8708 தலைப்புக்குப் போக வாய்ப்பு அதிகம். ஆனால் பிரிவு 17இன் குறிப்பு, பிரிவு 15இல் வரையறுத்த பொதுப் பயன்பாட்டுப் பாகங்களை வாகனப் பாகங்களிலிருந்து விலக்குகிறது. இரும்பு, எஃகு போல்ட் காருக்கென்றே செய்யப்பட்டாலும் 7318தான். இதைத் தீர்மானிப்பவை பிரிவுக் குறிப்பும் அத்தியாயக் குறிப்பும். இன்வாய்ஸில் எழுதியிருக்கும் சொற்களை மட்டும் வைத்து அங்கே போய்ச்சேர முடியாது.

நடைமுறையில் நிலைக்கும் வழி ஒன்று உண்டு. இறக்குமதியாளரின் பாக எண்ணுக்கும், அனுபவமுள்ளவர் ஒருமுறை உறுதிசெய்த 8 இலக்கக் குறியீட்டுக்கும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது. மென்பொருள் பாக எண்ணைத் துல்லியமாக வாசித்தால் போதும். குறியீடு பட்டியலிலிருந்து வரும். பட்டியலில் இல்லாத எண் வந்தால் மனிதரிடம் நிற்கும். பிறப்பிடச் சான்றிதழ் வைத்து வரிச்சலுகை கோரும்போதும் அப்படியே. 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள கரோட்டார் விதிகள் (வர்த்தக ஒப்பந்தச் சலுகைக்கான பிறப்பிட விதிகள்), சான்றிதழ் விவரங்களை பில் ஆஃப் என்ட்ரியில் தரச் சொல்கின்றன. முத்திரைக்கு அடியில் கிடக்கும் சான்றிதழ் எண், மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்ற கட்டத்தில் உள்ள டிக் ஆகிய இரண்டையும் எந்த மென்பொருளும் இன்னும் தனியாக விட்டுவிடும் அளவுக்கு வாசிப்பதில்லை.

புதிய வகை மாதிரிகள், புதிய வகைப் பிழை

பழைய எழுத்துணரி தவறினால் கண்ணில் படும்: 8 இருந்த இடத்தில் பி நிற்கும், சொல் சிதைந்திருக்கும். படத்தையும் மொழியையும் சேர்த்துக் கையாளும் இன்றைய பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் சிக்கலான அட்டவணையையும் கோணிய பக்கத்தையும் வியக்கும்படி வாசிக்கின்றன. தவறினால் மட்டும் அழகாகத் தவறுகின்றன. மங்கிய வரிக்குப் பொருத்தமான ஓர் எண்ணை இட்டு நிரப்பும். பாக எண்ணில் எழுத்துப்பிழை இருப்பதாக எண்ணித் திருத்திவிடும். நீண்ட பட்டியலின் நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிடும். ஆகவே இரண்டு கட்டுப்பாடு அவசியம். எடுத்த ஒவ்வொரு மதிப்பும் பக்கத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். தனியாக ஓட்டிய எழுத்துணரியின் வாசிப்பில் அதே எழுத்துகள் இல்லையென்றால் அந்த மதிப்பு மனிதரிடம் போக வேண்டும். வரிகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் சேர்த்துப் பார்த்தால் விடுபட்ட வரி பிடிபடும்.

அமலாக்கம்

பயிற்சித் தரவுக்கு எங்கும் போக வேண்டாம். கடந்த மூன்று மாத ஆவணங்களும், அவற்றுக்காகத் தாக்கலான பில் ஆஃப் என்ட்ரி தரவும் அலுவலகத்திலேயே இருக்கின்றன. மென்பொருள் எடுத்ததை அதோடு ஒப்பிட்டாலே உண்மை நிலை தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: தாக்கல் செய்த மதிப்பு ஆவணத்தில் உள்ளதாகவே இருக்காது. சப்ளையர் எண்ணிக்கையில் தந்ததை முகவர் கிலோவில் அறிவித்திருப்பார். பொருள் விவரத்தை விரித்து எழுதியிருப்பார். இவற்றைப் பிழைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

அடுத்த நான்கு முதல் ஆறு வாரம் நிழல் ஓட்டம். ஊழியர்கள் வழக்கம்போலத் தட்டச்சு செய்வார்கள், மென்பொருள் பக்கத்தில் ஓடும், எதுவும் தாக்கலாகாது. அதன்பின் புலத்துக்குப் புலம் எல்லை வைக்கலாம். பொதியின் அடையாளக் குறிக்குத் தளர்ச்சி தரலாம். மதிப்பு, நாணயம், அளவு, குறியீடு, சலுகை அறிவிக்கை எண் ஆகியவற்றுக்கு எவ்வளவு நம்பிக்கை மதிப்பெண் வந்தாலும் ஒரு கண் வேண்டும். திரையில் மதிப்புக்குப் பக்கத்திலேயே ஆவணத்தின் அந்தத் துண்டுப் படம் தெரிய வேண்டும். தேடிப் போய்ப் பார்க்க வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். பச்சை நிறத்தைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தும் பழக்கம் இரண்டாம் மாதத்தில் வந்துவிடும். வாரத்துக்குச் சில ஆவணங்களில் தெரிந்தே பிழை வைத்து, பிடிபடுகிறதா என்று பார்ப்பதும், தாக்கலுக்கு முன் அவற்றை உறுதியாக எடுத்துவிடுவதும் மேற்பார்வையாளரின் வேலை.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டத்தில் குழப்பமில்லை. 17ஆம் பிரிவின்படி வரியைத் தானே மதிப்பிட வேண்டியவர் இறக்குமதியாளர். 2018ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின்படி உரிய கவனத்தோடு செயல்படவும், பதிவேடுகளை 5 ஆண்டு பாதுகாக்கவும் கடமைப்பட்டவர் முகவர். மென்பொருள் தவறாக வாசித்தது என்பது இருவருக்கும் தற்காப்பு ஆகாது. தவறைத் திருத்த 149, 154 ஆகிய பிரிவுகள் உள்ளன. ஆனால் சரக்கு வெளியேறிய பின் 149இன்கீழ்த் திருத்தம் கேட்டால், வெளியேறும்போதே இருந்த ஆவணத்தைச் சான்றாகக் காட்ட வேண்டும். அதற்காகவே மூல ஸ்கேன், இயந்திரம் வாசித்த மதிப்பு, மனிதர் மாற்றிய மதிப்பு, மாற்றியவர், நேரம் ஆகிய ஐந்தையும் சேர்த்து வைக்க வேண்டும். இறக்குமதியாளரின் விலை என்பது வணிக ரகசியம்; அதை இலவச இணையக் கருவிகளில் ஏற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

அந்தத் திருத்தப் பதிவை மாதம் ஒருமுறை சப்ளையர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான திருத்தங்கள் ஐந்தாறு சப்ளையர்களிடம் குவிந்திருக்கும். அவர்களிடம் பேக்கிங் லிஸ்டை எக்செல் கோப்பாகவும், இன்வாய்ஸைக் கணினியிலிருந்து நேரடியாக எடுத்த பிடிஎஃப்பாகவும் கேட்டு இறக்குமதியாளரை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் அது தயாராகவே இருக்கும். இதுவரை யாரும் கேட்காததால் அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருந்திருப்பார்கள்.